‘9’-ல் தொடங்கினால் 1969 ஆகிவிடாது: பிறந்த வருட வாட்ச் தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

நீங்கள் பிறந்த வருடத்தில் செய்த வாட்ச் என்று சொல்லி யாராவது சீக்கோ 6139 என்ற பழைய ஜப்பான் வாட்ச்சை, அதுவும் மஞ்சள் டயலோடு, விற்க வந்தால், பணம் அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கும் நம் தமிழர்கள் கட்டாயம் படியுங்கள். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்திலிருந்து ஒருவர் நம் வாட்ஸ்அப் குழுக்களுக்குள் புகுந்து, ஆளுக்கு ஒரு வருடம் என்று கணக்குப் போட்டு விற்கிறார். எனக்குப் போனது 14,500 ராண்ட். விவகாரம் இன்னும் முடியாததால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர் செய்யும் வேலையை விவரமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்தது 1969. வாட்ச் பைத்தியம் உள்ளவனுக்கு இதைவிட நல்ல வருடம் கிடையாது. ஜனவரியில் ஜெனித் ‘எல் பிரிமேரோ’வை அறிவித்தது. மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங் கூட்டணியின் ‘குரோனோமேட்டிக்’ வந்தது. தானாக சாவி ஏறும் ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை யார் முதலில் செய்தார்கள் என்று அந்த இரண்டு தரப்பும் இன்றுவரை அடித்துக்கொள்ள, சத்தமே போடாமல் சீக்கோ அதே வருடம் 6139-ஐக் கடையில் வைத்துவிட்டது. ஜூலையில் நிலாவில் இறங்கியவர் கையில் ஒமேகா வாட்ச். கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம், சீக்கோ அஸ்ட்ரான், விலை 4,50,000 யென். இத்தனையில் என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரன் கை எட்டிப் பிடிக்கக்கூடியது 6139 ஒன்றுதான். அதிலும் மஞ்சள் டயலுக்குத் தனி மவுசு. 1973-ல் ஸ்கைலேப் போன விண்வெளி வீரர் வில்லியம் போக் அந்த வகை வாட்ச் ஒன்றைத்தான் கையில் கட்டிக்கொண்டு போனார்.

குழுவில் நான் தேடுவதைப் போட்டதும் தனிச் செய்தி வந்தது. “வணக்கம் அண்ணா.” அதற்குப் பிறகு எல்லாம் இங்கிலீஷ். இங்கே நாலாம், ஐந்தாம் தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தமிழ் அந்த அளவில் நின்றுபோவது சகஜம். அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. தாத்தா 1969-ல் டர்பன் கிரே ஸ்ட்ரீட்டில் வாங்கிக் கட்டிய வாட்ச், வீட்டில் யாரும் கட்டுவதில்லை, தெரிந்த தமிழ்க் குடும்பத்துக்கே போகட்டும் என்று பார்க்கிறேன் என்றார். கிரே ஸ்ட்ரீட் என்று பழைய பெயரைச் சொன்னதிலேயே பாதி நம்பிக்கை வந்துவிடும். தெருவுக்குப் பெயர் மாறி எத்தனையோ வருடமாகியும் நம் வீடுகளில் அது இன்னும் கிரே ஸ்ட்ரீட்தான். இதுவும் அவருக்குத் தெரியும்.

பின்மூடியின் படம் கேட்டேன். வந்தது. வரிசை எண் 94 என்று தொடங்கியது. அந்தக் காலத்து சீக்கோவில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை மாதங்கள் எண்ணாகவே வரும், அக்டோபருக்குப் பூஜ்யம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. ஆக ஒன்பதாம் வருடம், ஏப்ரல் மாதம். எந்த ஒன்பது என்பதை அந்த எண் சொல்லாது. 6139 இயந்திரம் 1969-ல் தொடங்கி எழுபதுகளின் கடைசி வரை ஓடியது. முதல் இலக்கம் 3 என்றோ 6 என்றோ இருந்தால் 1973, 1976 என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 9 மட்டும் இரண்டு பக்கமும் போகும். “1969தான், கியாரண்டி” என்று எழுத்திலேயே அனுப்பினார். மூடியின் ஓரத்தில் இருக்கும் எழுத்துகள் படத்தில் தெரியவில்லை. அவர் கட்டைவிரல் அங்கே இருந்தது. விரலை எடுத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பச் சொன்னதற்கு, வாட்ச் ஏற்கெனவே பேக் ஆகிவிட்டது அண்ணா, வேறு ஒருவரும் கேட்கிறார், இன்றைக்கே இஎஃப்டி (வங்கி வழிப் பணம்) போட்டால் உங்களுக்கு என்றார்.

கூரியர் பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு. தினமும் காலையில் பத்துச் சுற்று சாவி கொடுக்கவும் என்று அழகான கையெழுத்து. 6139-க்குக் கையால் சாவி கொடுக்கவே முடியாது. அந்த மாடலில் குமிழைச் சுற்றினால் டயலின் விளிம்பில் இருக்கும் வளையம்தான் சுற்றும். குமிழைக் கொஞ்சம் அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமை மாறும். சாவி ஏறுவது கை அசைவில் மட்டுமே. தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருந்த வாட்ச் என்று சொல்லும் குடும்பத்துக்கு இது தெரியாமல் எப்படி இருக்கும்?

பின்மூடியைத் திருப்பிப் பார்த்தேன். விரல் மறைத்திருந்த இடத்தில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’. மாடல் எண் 6139-6002. டயலில் இருந்ததோ ‘வாட்டர் 70மீ ப்ரூஃப்’. சீக்கோ ‘ப்ரூஃப்’ என்ற சொல்லைப் போட்டது ஆரம்ப காலத்தில்தான். 1970 வாக்கில் அதைக் கைவிட்டு ‘ரெசிஸ்ட்’டுக்கு மாறியது, பிற்பாடு டயலில் அந்த வரியே இல்லாமல் போனது. ஆகவே இந்த மூடி 1979-ஐச் சேர்ந்தது, டயல் 1969 போல நடிப்பது.

சாட்ஸ்வொர்த்தில் கடிகாரம் ரிப்பேர் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், நல்ல தமிழ் பேசுவார். கண்ணில் லென்ஸை மாட்டிக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தம்பி, இதுக்கு முதுகு ஒண்ணு சொல்லுது, முகம் ஒண்ணு சொல்லுது” என்றார். அசல் மஞ்சள் டயலைச் சாய்த்துப் பிடித்தால் நடுவிலிருந்து கதிர் கதிராக ஒளி ஓடும். இதில் சுவருக்கு அடித்த பெயின்ட் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே மஞ்சள். டயலின் அடி விளிம்பில் பொடி எழுத்தில் இருக்க வேண்டிய குறியீட்டு எண் இல்லை. விளக்கை அணைத்தோம், முட்கள் பச்சையாக நெடுநேரம் எரிந்தன. ஐம்பது வருடத்துப் பூச்சு டார்ச் அடித்தாலும் மினுக்கென்று காட்டி அடங்கிவிடும். டயல், முட்கள், உள்வளையம் மூன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுபவை. பக்கவாட்டு விளிம்புகளைத் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கியிருந்தார்கள். மூடியைத் திறந்தால் ரப்பர் வளையம் இருக்க வேண்டிய பள்ளத்தில் துரு. நம் கடற்கரைக் காற்றில் அது இன்னும் வேகமாகத்தான் போகும்.

ஸ்டாப்வாட்ச் ஓடியது, ஆனால் பட்டனை அழுத்தினால் சிவப்பு முள் பன்னிரண்டில் நிற்காமல் ஓரிரு நொடி தள்ளி நின்றது. முள்ளைச் சரியாகப் பொருத்தாததும் காரணமாக இருக்கலாம், உள்ளே தேய்மானமாகவும் இருக்கலாம். தேய்மானம் என்றால் செலவுதான். அதில் ஸ்டாப்வாட்ச்சை ஓட்டும் குரோனோகிராஃப் சக்கரம் பிரித்துச் சரிசெய்ய ஏற்பட்டதல்ல, மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார் பெரியவர். அப்படியே மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார், காசு வாங்கவில்லை.

விற்றவருக்கு எழுதினேன். முதலில் “தாத்தா எப்போதாவது டயல் மாற்றியிருப்பார்.” பிறகு “தனிநபர் விற்பனை, ஃபூட்ஸ்டூட்ஸ், இருந்தபடிக்கு விற்றது, திரும்ப எடுக்க முடியாது.” இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் பலர் வாயை மூடிக்கொண்டு நஷ்டத்தை விழுங்கிவிடுகிறார்கள். இருந்தபடிக்கு விற்றேன் என்பது, தெரிந்தே மறைத்த குறைக்குக் கவசம் ஆகாது. தவிர, இதையே தொழிலாகச் செய்கிறவர் என்றால் 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வருகிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள், விற்றவர் செலவிலேயே திருப்பிக் கொடுக்கலாம். பணமா, மாற்றா, பழுது நீக்குவதா என்று தேர்ந்தெடுப்பது வாங்கியவர். பழைய பொருள் வியாபாரிகள் போலீசில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2009-ல் தனிச் சட்டமே இருக்கிறது. பதிவு எண் என்ன என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை, ஆனால் பாதிப் பணம் தருகிறேன் என்று மறுநாளே குரல் இறங்கி வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

20,000 ராண்ட் வரை சிறு வழக்கு மன்றத்துக்குப் போகலாம், அங்கே வக்கீல் வைக்க முடியாது, வைக்கத் தேவையும் இல்லை. முதலில் 14 நாள் கெடு கொடுத்துக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டும். அதை அனுப்பியாகிவிட்டது. சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் எதிராளி வசிக்கும் பகுதி மன்றத்தில்தான் போட வேண்டியிருக்கும். என்3 நெடுஞ்சாலையில் ஒரு வழிக்கே 550 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தொலைவில் இருக்கிறவர் கூரியரில் அனுப்புகிறேன் என்று அவசரப்படுத்துவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்திருங்கள். எனக்கு இப்போது கையில் இருக்கும் பலமே “1969தான், கியாரண்டி” என்ற அந்த ஒரு வரிதான்.

பெரிய இடத்திலும் இது நடக்கிறது. 2021-ல் ஜெனீவா ஏலத்தில் 31 லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போன பழைய ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், வேறு வேறு வாட்ச்களின் பாகங்களைக் கோத்துச் செய்தது என்று பின்னால் தெரியவந்தது. வாங்கியது யார் தெரியுமா? ஒமேகா நிறுவனமேதான், தன் அருங்காட்சியகத்துக்காக. அவர்களுக்காவது அருங்காட்சியகம் இருக்கிறது.

குழப்பம் இல்லாமல் பிறந்த வருடம் பிடிக்க நினைப்பவர்கள் புலோவா கம்பெனி வாட்ச் பக்கம் பாருங்கள். ஐம்பதுகளுக்கு எல், அறுபதுகளுக்கு எம், எழுபதுகளுக்கு என் என்று எழுத்தோடு எண் அடித்திருப்பார்கள். எம்9 என்றால் 1969, வேறு அர்த்தம் கிடையாது. ஆனால் அந்த முத்திரையும் மூடிக்குத்தான் சாட்சி, உள்ளே இருப்பதற்கு அல்ல. மூடியைத் திறந்த படம் தராதவரிடம் எந்தக் கம்பெனி வாட்சும் வாங்காதீர்கள்.

இதை இப்போது அவசரமாக எழுதக் காரணம், அதே ஆள் போன வாரம் வேறொரு குழுவில் நீல டயல் 6139 ஒன்றைப் போட்டிருக்கிறார். வரிசை எண் 6-ல் தொடங்குகிறது. “1966-ல் பிறந்தவர்களுக்கு அறுபதாம் கல்யாணப் பரிசு” என்று தலைப்பு. 1966-ல் அந்த இயந்திரமே கிடையாது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவர் முன்பணம் கொடுக்கத் தயாராக இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவரை யாருக்காவது தெரிந்தால் இதை அனுப்பிவையுங்கள்.