சுங்கை சிப்புட் கடைகளில் விற்கும் தாய்ப்பால் கைப்பம்ப்: வாங்கலாமா?

இங்கே மலேசியாவில் பேறுகால விடுப்பு 98 நாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். வேலைக்குத் திரும்பிய பிறகு மீதி நாள்களை ஓட்டத்தான், கையால் அமுக்கிப் பாலை எடுத்து வைக்கும் இந்தக் கைப்பம்ப். 50 வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கிறது, கரண்ட் வேண்டாம், பெரட்டுக்கு (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) கொண்டுபோகும் பையில் அடங்கிவிடும்.

புனல், சிலிகான் சவ்வு, கைப்பிடி, வால்வு, போத்தல் என ஐந்தே பாகம். உயிர் வால்வில்தான் இருக்கிறது. வாத்து மூக்கு மாதிரியான அந்தச் சிலிகான் துண்டுக்குள் பிரஷ்ஷை விட்டுக் குடைந்தால் நுனி கிழிந்துவிடும். பிறகு எவ்வளவு அமுக்கினாலும் இழுவை இருக்காது. பால் வற்றிவிட்டது என்று மாவுப்பால் டின்னை வாங்குமுன் வால்வை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடையில் உதிரி வால்வு விற்காததுதான் பெருங்குறை.

புனலும் 24 மில்லிமீட்டர் ஒன்றே வருகிறது. காம்பின் அடியை அளந்து (கருவட்டத்தைச் சேர்க்காமல்) 2, 3 மில்லிமீட்டர் கூட்டிப் பாருங்கள். புனல் சிறுத்தால் காம்பு உரசிப் புண்ணாகும். பெருத்தால் கருவட்டமும் உள்ளே இழுபட்டு வீங்கும், பாலும் சரியாக இறங்காது.

கை கழுவிவிட்டு, பால் சுரந்து இறங்கும்வரை குட்டிக் குட்டியாக வேகமாக அமுக்குங்கள். பிறகு நிதானமாக, ஆழமாக. பக்கத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம். வேலை நேரத்தில் மூன்று மணிக்கொரு தடவையாவது எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், சுரப்பும் குறையும்.

எடுத்த பால் 25 டிகிரி வரைதான் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அதை நம்ப முடியாது. உடனே ஐஸ்கட்டிப் பைகளோடு ஐஸ்பெட்டியில் வையுங்கள், ஒரு நாள் தாங்கும். வீட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நான்கு நாள். போத்தலுக்கு 60 முதல் 90 மில்லி போதும். பிள்ளை குடித்து வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கொட்டத்தான் வேண்டும்.

ஆயாக் கொட்டகையில் (தோட்டத்துப் பிள்ளை காப்பகத்தில்) பிள்ளையைப் பார்ப்பவரிடம் இதை அவசியம் சொல்லுங்கள்: மேலே ஆடை மிதந்தால் பால் கெட்டதில்லை, லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும். வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துத்தான் சூடாக்க வேண்டும். அடுப்பில் கொதித்தால் பாலில் உள்ள எதிர்ப்புப் பொருள்கள் அழியும். குடல் சவ்வில் படிந்து வயிற்றுப்போக்குக் கிருமியைத் தடுப்பவை அவைதான். மாவுப்பாலில் அவை இல்லை.

24 பொருந்துகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். பிரசவத்துக்கு முன்பே வாங்க வேண்டாம், காம்பின் அளவு மாறும்.