பாம்புக் கடிக்குக் கால் கவசம் என்று விற்கிறார்கள், கட்டுவதற்கு முன் மாட்டூசியால் ஒரு தரம் குத்திப் பாருங்கள்

வயல் காவலுக்குப் போகிறவர்களும் இரவில் பற்றைக்குள் நடக்கிறவர்களும் இதை ஒருக்கால் வாசித்துவிட்டுப் போங்கள். 'பாம்புக் கடியில் இருந்து 100 சதவீதப் பாதுகாப்பு' என்று முகநூலில் ஓடுகிற விளம்பரத்தை நம்பி இரண்டு சோடி கால் கவசம் வாங்கினேன். ஒரு சோடி 8,900 ரூபா, கூரியருக்கு 450. மொத்தம் 18,250 ரூபா போனது ஒரு பக்கம். என் மச்சானின் இடது காலில், கணுக்காலுக்கு மேலே மூன்று விரல் உயரத்தில், இரண்டு சிவப்புப் புள்ளி வந்தது மற்றப் பக்கம்.

எங்கள் வயல் மட்டக்களப்பில் உன்னிச்சைப் பக்கம். படுவான்கரை ஆட்களுக்குத் தெரியும், தைப்பொங்கல் முடிந்து கதிர் முற்றுகிற நேரத்தில் அங்கே நித்திரை என்ற ஒன்று கிடையாது. யானை வந்தால் தூரத்திலேயே சத்தம் தெரியும், வெடி போடலாம், ஆட்களைக் கூப்பிடலாம். பன்றி அப்படி இல்லை. சத்தமில்லாமல் வந்து ஒரு மூலையை உழுதுவிட்டுப் போய்விடும். அதனால் இரவில் இரண்டு மூன்று தரமாவது வரம்பால் சுற்றி வரவேண்டும். எலி நெல்லுக்கு வரும், எலிக்குப் பின்னால் கண்ணாடி விரியன் வரும். புடையன் என்றும் சொல்வார்கள், பெயர் எதுவானாலும் ஆள் ஒன்றுதான். வரம்புப் புல்லுக்குள் சுருண்டு கிடந்தால் டோர்ச் வெளிச்சத்திலேயே காய்ந்த சாணி மாதிரித்தான் தெரியும்.

இரண்டு வருசத்துக்கு முன் எங்கள் வயல் வட்டையில் ஒருவருக்குக் கடித்தது. உயிர் தப்பினார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி மாதக்கணக்கில் டயாலிசிஸுக்கு அலைந்தார். அதைப் பார்த்த பயம்தான் என்னை அந்த விளம்பரத்தில் கை வைக்க வைத்தது.

விளம்பரம் நல்ல வடிவு. ஒரு வெள்ளைக்காரர் தோளில் துவக்கோடு காய்ந்த புல்வெளியில் நடக்கிறார். கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்று பாய்ந்து அவருடைய கெண்டைக்காலில் கொத்துகிறது. மனுசன் சிரித்துக்கொண்டே நடக்கிறார். கீழே தமிழில், 'வேட்டைக்காரர்களின் முதல் தெரிவு, 1000 டெனியர், தோட்டாவும் துளைக்காத துணி'. அந்த வீடியோவில் இருப்பது பொய்ச் சாமான் இல்லை. அமெரிக்காவில், டெக்சாஸ் பக்கம் காடை வேட்டைக்குப் போகிறவர்கள் உண்மையாகவே இப்படி ஒன்றைக் கட்டுகிறார்கள். முழங்காலுக்குக் கீழே இருந்து சப்பாத்தின் மேல்வரை மூடும். சிலதில் தடித்த நைலோனுக்குள்ளே பொலிகார்பனேட் தகடு வைத்துத் தைத்திருப்பார்கள். டர்டில்ஸ்கின் என்ற கம்பனியுடையது மாதிரிச் சிலதில் தகடே இருக்காது, ஊசி நுழைய இடம் இல்லாத அளவுக்கு நெருக்கி நெய்த துணிதான். நல்லதென்று அங்கே விற்பது எழுபது, நூறு டொலர். நம்முடைய காசுக்கு எவ்வளவு என்று அன்றைக்கே கணக்குப் போட்டிருந்தால் 8,900 ரூபாவுக்கு என்ன வரும் என்று விளங்கியிருக்கும். போடவில்லை, அது என் பிழை.

(வேட்டை என்றதும் ஆவலோடு வாசிக்கிற தம்பிமாருக்கு ஒன்று. நாங்கள் போவது காவலுக்கு. இரவில் காட்டுக்குள் இறங்கினால் பாம்பு மட்டுமா கிடக்கிறது? யாரோ பன்றிக்குக் கட்டிவைத்த கட்டுத்துவக்கும் கிடக்கும். அதுவும் முழங்கால் உயரத்துக்குத்தான் வெடிக்கும், அதற்குக் கவசம் எந்தக் கடையிலும் இல்லை.)

பார்சல் வந்தது. காசைக் கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுவோம் என்றான் கூரியர் பொடியன், அவன் மேல் பிழை இல்லை. பிரித்தால் புது தறப்பாள் மணம். வெளியே பச்சையும் மண்ணிறமுமாக இலை குழை போட்ட துணி, மூன்று பட்டி, கீழே சப்பாத்தில் கொழுவ ஒரு கொக்கி. தட்டிப் பார்த்தால் உள்ளே ஏதோ 'டக் டக்' என்றது. அது போதும் எனக்கு. மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன மனே, கிரிக்கெட் பேட் மாதிரிக் கிடக்கு?" என்றார். அன்றில் இருந்து எங்கள் காவல் வாடியில் அதற்குப் பேர் பேட்.

முதல் கிழமையே நான் விழித்திருக்க வேண்டும். சேறு பட்டதும் ஒட்டுப் பட்டி ஒட்டவில்லை, மச்சான் அதற்கு மேலே சணல் கயிறு கட்டினான். சப்பாத்தோடு போடவேண்டிய சாமானைச் செருப்போடு போட்டான். அதைவிடப் பெரிய விசயம் அவனுடைய நடை. முன்னெல்லாம் கையில் கம்பு இருக்கும், வரம்பைத் தட்டித் தட்டி, டோர்ச்சைக் காலடியில் அடித்து, ஒவ்வொரு அடியாக வைப்பான். பேட் கட்டிய பிறகு கம்பு வாடியில் சாத்திக் கிடந்தது. டோர்ச் பன்றியைத் தேடித் தூரத்துக்குப் போனது. கால் தன் பாட்டில் போனது. பேட்டே இல்லாமல் இருந்திருந்தால் அவன் அன்றைக்கு, வரம்பில் தண்ணீர் போக வெட்டிவிட்ட அந்த வக்கடைக்குள் பார்க்காமல் கால் வைத்திருக்கவே மாட்டான்.

இரவு ஒன்பது மணி இருக்கும். தண்ணீர் போகிற வக்கடையில் புல் அடைத்திருக்கிறது, காலால் தள்ளிவிடுவோம் என்று வைத்திருக்கிறான். குக்கர் ஆவி விடுகிற மாதிரி ஒரு சீறல், பத்துப் பாகம் தள்ளி நின்ற எனக்கே கேட்டது. அப்புறம் துணியில் யாரோ சுண்டியது போல ஒரு சத்தம். "மச்சான், பேட்டில அடிச்சிட்டு!" என்று சிரித்தான். உண்மையாகவே சிரித்தான், விளம்பரத்து வெள்ளைக்காரர் மாதிரி. நானும் சிரித்தேன். மாமாதான் சிரிக்கவில்லை. "கழட்டு, காலைப் பாப்பம்" என்றார்.

கழற்றினால் இரண்டு புள்ளி. ஒன்றில் கடுகளவு இரத்தம்.

அதற்குப் பிறகு நடந்ததில் எங்களுக்குப் பெருமை சொல்ல ஒன்று உண்டென்றால், யாரும் கட்டவும் இல்லை, கீறவும் இல்லை, வாய் வைத்து உறிஞ்சவும் இல்லை. அவனை நடக்க விடாமல் வரம்பில் இருத்தினோம். மாமா தூர நின்று பாம்பைப் போனில் படம் எடுத்தார், முதுகில் சங்கிலி மாதிரி நீள்வட்டப் புள்ளிகள், சந்தேகமே இல்லை. 1990 அம்புலன்ஸுக்கு அடிக்கலாம் என்றால் வாடியில் சிக்னல் கிடையாது. மோட்டார் சைக்கிளில் அவனை நடுவில் வைத்து மூன்று பேராக வீதிக்கு வந்து, அங்கே இருந்து எடுத்தோம்.

பெரியாஸ்பத்திரியில் முதல் வேலையாக இரத்தம் எடுத்து ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு அசையாமல் வைத்தார்கள். இருபது நிமிடம். அந்த விரியனின் விசம் இரத்தத்தை உறையவிடாது, அதனால் இருபது நிமிடம் கழித்துக் குழாயைச் சரித்ததும் தண்ணீர் மாதிரி ஓடினால் விசம் ஏறிவிட்டது என்று அர்த்தம். அந்த இருபது நிமிடம் இருக்கிறதே, நான் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, குழாயையும் பார்க்கவில்லை, சுவரில் ஒட்டியிருந்த டெங்கு விளம்பரத்தை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டு நின்றேன். சரித்தார்கள். ஜெலி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது.

உடனே விடவில்லை. இடைக்கிடை திரும்பத் திரும்ப அதே சோதனை, சலத்தின் அளவு, கண் இமை சொருகுகிறதா என்று பார்வை. ஒரு நாள் முழுக்க வைத்திருந்தார்கள். விசமுறிவு மருந்து ஏற்றவில்லை. அது குதிரையின் இரத்தத்தில் இருந்து செய்வது, சிலருக்கு அதுவே ஒவ்வாமல் ஆபத்தாகும், விசம் ஏறிய அறிகுறி இல்லாமல் கொடுக்க மாட்டோம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். பல்லு பட்டிருக்கிறது, விசம் இறங்கவில்லை, அவ்வளவுதான். பேட் காப்பாற்றியதா என்று கேட்டேன். "பாம்பு விசம் விடாமக் கடிக்கிறதும் இருக்கு. உங்கட மச்சானுக்கு நல்ல காலம்" என்றார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகப் பிளேட்டால் தையலை அறுத்தேன். வெளித்துணி ஒரு மடிப்பு. அதற்குக் கீழே, மெத்தைக் கடையில் அள்ளிக் கட்டுவார்களே அந்த வெள்ளைப் பஞ்சு. அதற்குக் கீழே 'டக் டக்' என்ற சாமான், ஐஸ்கிரீம் டப்பா மூடியைவிட மெல்லிய பால்நிறப் பிளாஸ்டிக். அதுவும் முன்பக்கத்துக்கு மட்டும், உள்ளங்கை அகலத்தில் ஒரு துண்டு. கெண்டைக்கால் பக்கம் வெறும் பஞ்சு. மச்சானுக்குக் கொத்தியது பக்கவாட்டில். கண்ணாடி விரியனின் விசப்பல் ஒன்றரைச் சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். இந்தப் பேட்டை விரலால் அமத்தினால் ஐந்து மில்லிமீட்டர் தேறாது.

மாமா மாடு வைத்திருக்கிறவர், மாட்டுக்கு ஊசி போடும் தடித்த சிரிஞ்சு வீட்டில் உண்டு. அதற்குள் துணிக்குப் போடும் நீலத்தைக் கரைத்து ஏற்றினார். மற்றச் சோடியில் ஒன்றை எடுத்து வெட்டிக் கிடந்த வாழைத்தண்டைச் சுற்றிக் கட்டினார். முன்பக்கம், பிளாஸ்டிக் இருக்கிற இடமாகவே பார்த்துக் குத்தினார். ஒரு சின்ன 'டிக்', அவ்வளவுதான் தடை. பேட்டைக் கழற்றிவிட்டுத் தண்டைப் பிளந்தால் வெள்ளை நாருக்குள் கட்டைவிரல் நீளத்துக்கு நீலம் ஊறிக் கிடக்கிறது. மாமி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த 1000 டெனியர் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா விளம்பரத்திலும் அதுதான் நெற்றிப்பொட்டு. டெனியர் என்பது நூலின் தடிப்பு. 9,000 மீற்றர் நூல் எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். அதற்கும் ஊசி நுழைவதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தடித்த நூலை ஐதாக நெய்தால் இரண்டு நூலுக்கு நடுவால் ஊசி வழுக்கிப் போகும். 'தோட்டா துளைக்காது' என்பதும் அப்படித்தான். தோட்டா துளைக்காத அங்கிக்குப் போடுகிற கெவ்லார் என்ற துணியின் பேர் கேட்டிருப்பீர்கள், அதிலும் சாதாரண நெசவு என்றால் வெட்டைத் தாங்கும், கூரான ஊசி இழைகளை விலக்கிக்கொண்டு இறங்கிவிடும். பாம்புப் பல்லு தோட்டா இல்லை, ஊசி.

விற்றவனுக்கு வாட்ஸ்அப்பில் படமும் வீடியோவும் அனுப்பினேன். குரல் பதிவு வந்தது. "அண்ணா, அது பாம்புக்குச் செய்தது, ஊசிக்குச் செய்தது இல்லையே." முதலில் எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. பாம்புதான் அண்ணாவின் மச்சானைக் கடித்தது என்று ஆஸ்பத்திரித் துண்டையும் அனுப்பினேன். "நீங்கள் சப்பாத்துப் போடாமல் கட்டியிருக்கிறீர்கள், உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி. அதற்குப் பிறகு என்னை மறித்துவிட்டான். கடி பட்ட இடம் சப்பாத்துக்கு மேலே என்று சொல்லக்கூட வழி இல்லை. மூன்றாம் நாள் அதே வெள்ளைக்காரர், அதே பாம்பு, வேறு பக்கப் பேர், 'தைச் சலுகை 6,500'. கீழே எச்சரித்து நான் போட்ட பின்னூட்டம் பத்து நிமிடத்தில் காணாமல் போனது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977க்கு அடித்தேன். பொறுமையாகக் கேட்டார்கள், பில்லும் விற்றவரின் முகவரியும் கேட்டார்கள். என்னிடம் இருப்பது கூரியர் துண்டு மட்டும், அதில் அனுப்பியவர் பேர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு போன் நம்பர், அந்த நம்பரும் இப்போது வேலை செய்யவில்லை. ஆகவே வாங்குகிறவர்கள், சாமானுக்கு முன் பில்லைக் கேளுங்கள். பில் தரமாட்டேன் என்றால் அங்கேயே முடிந்தது.

உண்மையாகவே வாங்கத்தான் வேண்டும் என்றால் உள்ளே என்ன தகடு, கெண்டைக்காலைச் சுற்றி முழுக்க இருக்கிறதா என்று கேட்டு, ஊசியால் குத்துகிற வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்லதாகவே இருந்தாலும் செருப்போடு கட்டினால் பாதம் திறந்துதான் கிடக்கும், விரியன் கூடுதலாகக் கொத்துகிறதும் அங்கேதான். நாங்கள் இப்போது முழங்கால் உயர ரப்பர் பூட்ஸும் தொளதொளத்த தடித்த ஜீன்ஸும்தான். ஜீன்ஸ் என்று சிரிக்காதீர்கள். 2009இல் கலிபோர்னியாவில், லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில், செயற்கைக் காலுக்கு டெனிம் துணி சுற்றிக் கிலுகிலுப்பைப் பாம்பைக் கொத்தவிட்டுப் பார்த்தார்கள். வெறும் காலோடு ஒப்பிட்டால் உள்ளே இறங்கிய விசம் பாதிக்கும் குறைவாக இருந்தது. அது வேறு பாம்பு, தடுப்பும் முழுத் தடுப்பு இல்லை. ஆனால் 8,900 ரூபாப் பஞ்சைவிட மேல். சேற்றுக்குள் இறங்கி வேலை செய்ய பூட்ஸ் சரிவராது, அது தெரிந்ததுதான். வரம்பில் நடக்கவும் வக்கடை பார்க்கவும் போட்டுக்கொள்கிறோம். கம்பு திரும்பவும் மச்சானின் கைக்கு வந்துவிட்டது.

மறுகா, வாடியில் பாய் போட்டுத் தரையில் படுக்கிறவர்கள் காலில் எதைக் கட்டினாலும் கட்டுவிரியனுக்குக் கணக்கில்லை. அது நித்திரையில் வந்து கடிக்கும், கடித்ததே தெரியாது, விடிய வயிற்றுவலியோடு கண் இமை விழும். அதற்கு நுளம்பு வலையைப் பாய்க்குக் கீழே செருகிப் படுப்பதுதான் நாங்கள் செய்வது. வலை 1,500 ரூபாவுக்குள் முடிந்தது.

அறுத்த பேட்டும் துளை விழுந்த பேட்டும் வாடிக் கப்பில் தொங்குகின்றன. வாங்க நினைத்திருக்கிறவர்கள் யாராவது உன்னிச்சைப் பக்கம் வந்தால் கேளுங்கள், காட்டுகிறேன். உங்கள் கையாலேயே குத்திப் பார்க்கலாம், சிரிஞ்சும் நீலமும் மாமாவிடம் இருக்கிறது. வாழைத்தண்டு மட்டும் வரும்போது கொண்டுவந்துவிடுங்கள், எங்கள் பக்கத்து வாழையை யானை முடித்துவிட்டது.