மலைச்சரிவில் மண்வள அட்டை: எந்தக் கட்டத்தை நம்பலாம்?

இலவசமாக வரும் அட்டைக்கு மதிப்புரை எதற்கு என்று தோன்றலாம். அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று உரம் இறங்குகிறது. அதனால் தேவைதான்.

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015 பிப்ரவரி 19 அன்று ராஜஸ்தானின் சூரத்கரில் தொடங்கியது. அட்டையில் 12 அளவுகள் இருக்கும்: கார அமில நிலை (pH), மின்கடத்துதிறன், அங்ககக் கரிமம் (மட்கில் உள்ள கார்பன்), தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து (பொட்டாசு), கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம், கீழே உரப் பரிந்துரை. சமவெளி நெல்வயலுக்கு நல்ல கருவி. நீலகிரியின் கேரட் பாத்திக்கு வரும்போது சில கட்டங்கள் நேராகப் பேசுகின்றன, சில உளறுகின்றன.

முதலில், அட்டையில் இருப்பது உங்கள் மண்தானா என்று பாருங்கள். திட்டத்தின் தொடக்க விதிப்படி பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. 10 ஹெக்டேர் என்றால் சுமார் 25 ஏக்கர். டெல்டாவில் 25 ஏக்கர் ஒரே வாகு மண்ணாக இருக்கலாம். நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கில் அதே பரப்புக்குள் மேட்டில் தேயிலை, நடுவில் படிப்படியாய் வெட்டிய காய்கறி நிலம், அடியில் ஓடையோரக் கருஞ்சேறு எல்லாம் அடங்கிவிடும். அந்த 25 ஏக்கருக்குள் யாருடைய பாத்தியில் மண் எடுத்தார்களோ, அவருக்கு மட்டும்தான் எண் பொருந்தும். அதனால் சொந்தமாக மாதிரி எடுத்து ஆய்வகத்தில் கொடுப்பதே சரி.

எடுக்கும்போதுதான் பாதித் தப்பு நடக்கிறது. படி வெட்டிய நிலத்தில் மேல் விளிம்பு, அதாவது மலையை ஒட்டிய பக்கம், வெட்டி எடுத்த அடிமண். கீழ் விளிம்பு கொட்டி நிரப்பிய மேல்மண். இரண்டையும் கலந்தால் எங்கும் இல்லாத ஒரு மண்ணின் எண் கிடைக்கும். ஆகவே இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பை. ஒவ்வொன்றிலும் வளைந்து வளைந்து நடந்து 10 முதல் 15 இடம். மேலே கிடக்கும் சருகை ஒதுக்கி, மண்வெட்டியால் ஆங்கில ‘வி’ போல 15 செ.மீ. குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரில் மேலிருந்து அடிவரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவ வேண்டும். மேல்மண்ணை மட்டும் வழித்தால் போன போகத்து உரமே பதிலாக வரும். எரு கொட்டிய இடம், நடைபாதை, மரநிழல், தடுப்புச்சுவர் ஓரம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரு பங்கைத் தள்ளி, அரைக்கிலோ வரும்வரை இப்படியே குறைக்க வேண்டும்.

வாளி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். துத்தநாகம் பூசிய தகர வாளியில் அள்ளினால் அட்டையில் துத்தநாகம் உயர்ந்துவிடும். பழைய உரச்சாக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உலர்த்துவது மலையில் பெரிய பாடு. ஜூலை மூடுபனியில் நிழலில் ஒரு வாரமானாலும் ஈரம் போகாது. அவசரத்தில் அடுப்போரம் வைத்தால் சாம்பல் விழும். சாம்பல் காரம், அதில் பொட்டாசும் உண்டு. கார அமில நிலையும் சாம்பல் சத்தும் சேர்ந்தே ஏறும். ஈரத்தோடு பாலித்தீனில் கட்டினால் நுண்ணுயிர்கள் உள்ளே வேலையைத் தொடர்ந்து தழைச்சத்துக் கணக்கை மாற்றிவிடும். கார்போகத்துக்கு முன்பு, பிப்ரவரி வெயிலில் எடுத்துவிடுவது உத்தமம்.

இனி எண்களுக்கு வருவோம். அங்ககக் கரிமம் 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் ‘குறைவு’, 0.75-க்கு மேல் ‘அதிகம்’. இது வெயிலில் காயும் சமவெளிக்குப் பொருந்திய அளவுகோல். குளிரில் மட்கு கரையாத நீலகிரியில் 2 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக இங்கே ஏறக்குறைய எல்லாருக்கும் ‘அதிகம்’ என்று வரும். எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் தரும் பரீட்சையால் யாருக்கு என்ன லாபம்? இன்னொரு சிக்கலும் உண்டு. 1934-இல் வந்த வாக்லி-பிளாக் முறையில் டைகுரோமேட் கரைசல் கரிமத்தை எரிக்கும். கரிமம் மிகுந்த மண்ணை வழக்கமான எடையில் போட்டால் கரைசல் முழுதும் தீர்ந்து பச்சையாகிவிடும். அப்போது மண்ணின் எடையைக் குறைத்து மறுபடி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் உண்மையைவிடக் குறையும்.

இதைவிட மோசம், கரிமத்தை வைத்தே தழைச்சத்தைக் கணக்கிட்டு எழுதும் வழக்கம். மட்கில் நைட்ரஜன் இருக்கிறது, உண்மை. ஆனால் குளிரில் அது மெதுவாகத்தான் பயிருக்கு அவிழும். ‘தழைச்சத்து அதிகம்’ என்று படித்து யூரியாவை நிறுத்தியவரின் முட்டைக்கோஸ் மழைக்காலத்தில் வெளிறி நிற்கும். கிடங்கில் நெல் இருந்தும் கிடங்குச் சாவி இல்லாத கதை.

மணிச்சத்துக் கட்டத்தில் ஒரே கேள்வி கேளுங்கள்: ஓல்சனா, பிரேயா? ஓல்சன் முறை சோடியம் பைகார்பனேட் கரைசலால் பிரிப்பது, நடுநிலை மண்ணுக்கும் கார மண்ணுக்கும் உரியது. பிரே முறை அம்மோனியம் புளோரைடும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தது, அமில மண்ணுக்கு. இங்கே பாஸ்பரஸ் அலுமினியத்தோடும் இரும்போடும் ஒட்டிக் கிடக்கும். கார அமில நிலை 5 உள்ள மண்ணை ஓல்சனில் ஓட்டினால் வரும் எண்ணுக்கு மலைப்பயிர்ப் பரிந்துரையோடு உறவில்லை. எந்த முறை என்று ஆய்வகத்தில் சொல்ல முடியாவிட்டால் அந்தக் கட்டத்தை அடித்துவிடலாம்.

கார அமில நிலைதான் அட்டையின் மிக நம்பகமான எண். மண் 1 பங்கு, தண்ணீர் 2.5 பங்கு, மீட்டர் சரிபார்க்கப்பட்டிருந்தால் போதும். ஆனால் அதைப் பார்த்துச் சுண்ணாம்பு அளவைச் சொல்லக் கூடாது. 5 காட்டும் மணற்பாங்கு மண்ணுக்கும் 5 காட்டும் மட்கு மண்ணுக்கும் தேவை ஒன்றல்ல. மட்கு மண் பிடிவாதக்காரன், பல மடங்கு கேட்கும். தாங்கற்கரைசல் (பஃபர்) முறையில் சுண்ணாம்புத் தேவையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பரிந்துரை சுண்ணாம்புக்கல் தூளில் இருந்தால், 100 கிலோவுக்கு நீற்றிய சுண்ணாம்பு 74 கிலோ போதும், சுத்தமான டோலமைட் 92 கிலோ. விதைப்புக்குச் சில வாரம் முன்பே மண்ணோடு கிளறிவிட வேண்டும். யூரியா, அம்மோனியம் சல்பேட்டோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கும். பயிரையும் பார்க்க வேண்டும். முட்டைக்கோஸின் வேர்வீக்க நோய் அமிலத்தில் பெருகும், சுண்ணாம்பில் அடங்கும். உருளைக்கிழங்கின் சொறி நேர்மாறு. ஒரே பாத்தியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுபவருக்கு அட்டை இதைச் சொல்லாது. தேயிலைக்கோ 4.5 முதல் 5.5 வரை இருப்பதே சுகம், அதற்கு மேல் ஏற்றவே கூடாது.

மின்கடத்துதிறன்: இத்தனை மழையில் உப்பு தங்காது, பார்க்க வேண்டாம். போரான்: பாருங்கள். 0.5 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் அரைப் பங்கு) கீழ் போனால் பீட்ரூட் உள்ளே கறுக்கும், காலிஃபிளவர் தண்டு கூடாகும்.

அட்டையில் இல்லாதவையும் உண்டு. அமில மண்ணில் வேரை முடக்குவது கரைந்த அலுமினியம். அதற்குக் கட்டமே கிடையாது. வேலியோர ஹைட்ரேஞ்சியா அதை இலவசமாகச் சொல்லும்: பூ நீலமாக இருந்தால் அலுமினியம் கரைந்து செடிக்குள் ஏறுகிறது, இளஞ்சிவப்பாக இருந்தால் இல்லை. வெள்ளை ரகம் மட்டும் சாட்சி சொல்லாது.

சட்டம் இந்த மண்ணிடம் கேட்பதோ முற்றிலும் வேறு. உருளைக்கிழங்கு வேரைத் தாக்கி, மண்ணில் முட்டைக் கூடுகளாகத் தங்கும் நுண்புழுவான முட்டைக்கூட்டு நூற்புழு 1961-இல் ஊட்டிப் பக்கம் கண்டறியப்பட்டது. நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலங்களுக்குப் போக 1971-இல் தடை வந்தது. மண்ணில் சத்து எவ்வளவு என்பது அந்தத் தடைக்குப் பொருட்டல்ல, ஊசித்தலை அளவுக்கூடு இருக்கிறதா என்பதே கேள்வி. ஆனால் மேட்டுப்பாளையம் மண்டியில் நீலகிரிக் கிழங்குக்கு வடநாட்டுக் கிழங்கைவிட மவுசு. அதே மண், சமையலுக்கு உசத்தி, விதைக்கு விலக்கு. அட்டையின் 12 கட்டமும் நன்றாக இருக்கும் பாத்தியில் நூற்புழு நிறைந்திருக்கலாம். சந்தேகமிருந்தால் வேறொரு பையில் மண் எடுத்து நூற்புழு ஆய்வுக்கு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இருப்பது உறுதியானால் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்பு ரகத்தோடு கேரட், பீன்ஸ், பூண்டு என்று சுழற்றலாம். தக்காளியும் கத்தரியும் அதன் பந்தி, இடையில் போடாதீர்கள்.

மாதிரிப் பையில் சர்வே எண்ணோடு பயிர், படியின் மேல்பக்கமா கீழ்பக்கமா, கடைசியாகச் சுண்ணாம்பு போட்ட மாதம், ‘மணிச்சத்து பிரே முறை, சுண்ணாம்புத் தேவை தனியாக’ என்று பென்சிலால் எழுதிச் சீட்டுப் போடுங்கள். ஈரத்தில் பேனா மை ஊறிவிடும். அடுத்த முறையும் அதே மாதம், அதே பாத்தி.