மூன்று சக்கர ஸ்ட்ரோலர்: முன் சக்கரத்தைப் பார்த்து வாங்குங்கள்

குழந்தையை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போகும் மூன்று சக்கர ஸ்ட்ரோலர்களைக் கடையில் வரிசையாகப் பார்த்தால் எல்லாம் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். துணியின் நிறத்தையும் கூரையின் அகலத்தையும் பார்த்துவிட்டு வாங்கி வந்தால், ஒரு மாதத்துக்குள் வருத்தம் தொடங்கிவிடும். இந்த வண்டிகளின் குணத்தைத் தீர்மானிப்பது முன்னால் இருக்கும் அந்த ஒற்றைச் சக்கரம்தான். அது எவ்வளவு பெரியது, திரும்புமா திரும்பாதா, காற்றடித்த டயரா ஃபோமா, ஃபோர்க்கில் (சக்கரத்தை இரு பக்கமும் பிடிக்கும் கவையில்) எப்படி மாட்டப்பட்டிருக்கிறது என்ற நான்கையும் பார்த்தபிறகு மற்றதைப் பார்த்தால் போதும்.

முதல் வகை நகர நடைக்கானது. சக்கரங்கள் சிறியவை, ஃபோம் அல்லது கெட்டி ரப்பர். முன்னால் ஒற்றைச் சக்கரமோ, ஒட்டிவைத்த இரட்டைச் சக்கரமோ இருக்கும். எடை பெரும்பாலும் 8 முதல் 10 கிலோ. வழவழப்பான தரையில் ஒரு விரலால் தள்ளலாம். ஆனால் சரளைக்கல்லிலும் மணலிலும் சிறிய முன் சக்கரம் புதைந்து நின்றுவிடும். பின்னால் இருந்து தள்ளத் தள்ள அது இன்னும் ஆழமாகத்தான் போகும். மூன்று சக்கரம் என்பதாலேயே கரடுமுரடான பாதைக்கு ஏற்றது என்று நினைத்து இந்த வகையை வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இரண்டாவது வகையில் 12 அங்குலக் காற்று டயர்கள் இருக்கும், முன் சக்கரம் திரும்பும், வேண்டும்போது நேராகப் பூட்டிக்கொள்ளலாம். எடை 10 முதல் 14 கிலோ வரை போகும். மூன்றாவது வகை ஓடுவதற்கென்றே செய்தது: 16 அங்குலமோ அதற்கு மேலோ உள்ள சக்கரங்கள், திரும்பாத முன் சக்கரம், நீண்ட சட்டம். இந்த வகை பிறந்த கதையே அதன் வேலையைச் சொல்லிவிடும். அமெரிக்காவில் ஃபில் பேக்லர் என்ற ஓட்டக்காரர் தன் குழந்தையையும் உடன் கொண்டு ஓடவேண்டும் என்பதற்காக 1984-ல் ஸ்ட்ரோலரில் சைக்கிள் சக்கரங்களைப் பொருத்தினார். நேர்ப்பாதையில் வேகமாகப் போவதற்கு இதைவிட நல்ல அமைப்பு கிடையாது. கடைக்குள் இரண்டு அலமாரிகளுக்கு நடுவே திரும்புவதற்கு இதைவிட மோசமானதும் கிடையாது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கைப்பிடியை அமுக்கி முன் சக்கரத்தைத் தூக்கித்தான் திருப்பவேண்டும்.

எங்கள் தீர்ப்பு தெளிவானது. தினமும் நடப்பவர்களுக்கும் பாதை கொஞ்சம் மேடுபள்ளமாக இருப்பவர்களுக்கும் இரண்டாவது வகைதான். வாரத்தில் மூன்று நாளாவது உண்மையிலேயே ஓடுகிறவர்கள் மட்டும் மூன்றாவதை எடுங்கள். தளம்போட்ட தரையும் லிஃப்ட்டும் மட்டுமே உங்கள் பாதை என்றால், மூன்று சக்கரம் வேண்டியதே இல்லை. எடை குறைந்த நான்கு சக்கர வண்டி இன்னும் வசதி.

இப்போது கவிழ்வதைப் பற்றி. நான்கு சக்கர வண்டியில் ஒரே பக்கத்து முன், பின் சக்கரங்களை ஒரு கோட்டால் இணைத்தால் அது ஏறக்குறைய வண்டியின் ஓரத்தை ஒட்டியே நேராகப் போகும். மூன்று சக்கரத்தில் அந்தக் கோடு பின் சக்கரத்திலிருந்து நடுவில் இருக்கும் முன் சக்கரத்துக்குச் சாய்வாக வரும். அந்த முக்கோணத்துக்குள் எடை இருக்கும்வரை வண்டி அசையாது. குழந்தை முன்னோக்கி நகர்ந்து ஒரு பக்கமாக எட்டிக் குனிந்தால் எடை அந்தச் சாய்வுக் கோட்டைத் தாண்டிவிடும். நடைபாதை விளிம்பில் ஒரு பக்கப் பின் சக்கரம் மட்டும் இறங்கினாலும் இதே கதைதான். அதனால் இருக்கை தாழ்வாகவும், பின் அச்சுக்குக் கிட்டத்தில் பின்தள்ளியும் இருக்கும் வண்டியாகத் தேடுங்கள். பின் சக்கரங்களுக்கு இடையே அகலம் கூடக்கூட உறுதியும் கூடும். ஆனால் வாசல்கள் சும்மா விடாது: அகலமான வண்டிகள் 69 சென்டிமீட்டர் வரை இருக்கின்றன. வாங்கப் போகுமுன் வீட்டிலேயே மிகக் குறுகலான வாசலை, கதவைத் திறந்துவைத்து, கதவின் தடிமனையும் கழித்து அளந்துகொண்டு போங்கள்.

விளிம்பில் ஏறும்போது கைப்பிடியை அமுக்கி முன் சக்கரத்தை மேலே வையுங்கள், பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் விளிம்பைத் தொடும்படி நேராகத் தள்ளி, பிறகு தூக்கிவிடுங்கள். இறங்கும்போது வண்டியைத் திருப்பி, பின் சக்கரங்களை முதலில், இரண்டையும் சேர்த்து இறக்குங்கள். கோணலாக ஏற்றுவதும் இறக்குவதும்தான் கவிழ்க்கும். கைப்பிடியில் பை மாட்டுவது இன்னொரு ஆபத்து. குழந்தை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது. தூக்கிய மறுநொடி வண்டி பின்னால் மல்லாந்துவிடும். பையை எப்போதும் இருக்கைக்கு அடியில் உள்ள கூடையில் வையுங்கள்.

முன் சக்கரத்தை மாட்டும் முறைக்கு வருவோம். இதில்தான் நாங்கள் அதிகக் கவனம் கேட்கிறோம். பல வண்டிகளில் முன் சக்கரம் சைக்கிளில் இருப்பதுபோன்ற குயிக் ரிலீஸ் லீவரால், அதாவது ஸ்பானர் இல்லாமல் கையாலேயே திறந்து மூடும் நெம்புகோலால், பிடிக்கப்பட்டிருக்கும். காரில் ஏற்றுவதற்காகக் கழற்றி, அவசரத்தில் அரைகுறையாக மாட்டினால், ஓடும்போது சக்கரம் கழன்று ஃபோர்க் தரையில் குத்தி வண்டி அப்படியே முன்னால் கவிழும். அமெரிக்காவின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் இந்த ஒரு பாகத்துக்காகவே 2018-ல் ஒரு தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தது.

சரியாக மாட்டும் முறை இது. லீவரை முழுதாகத் திறந்து, வண்டியின் எடை சக்கரத்தின்மேல் விழும்படி வைத்து, அச்சின் இரண்டு முனைகளும் ஃபோர்க்கின் பள்ளத்தில் அடிவரை போயிருக்கிறதா என்று இரு பக்கமும் குனிந்து பாருங்கள். லீவரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்க நட்டைத் திருகுங்கள். லீவரை மூடிக்கொண்டு வரும்போது பாதி வழியில், அதாவது அது அச்சுக்கு நேர்க்கோட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் நிலையில், எதிர்ப்பு தொடங்கவேண்டும். முழுதாக மூடியபின் உள்ளங்கையில் லீவரின் தடம் பதிந்திருந்தால் இறுக்கம் சரி. சுலபமாக மூடிக்கொண்டால் மறுபடி திறந்து, நட்டை இன்னும் கால் சுற்று திருகி மூடுங்கள். லீவரையே நட்டைப்போலச் சுற்றி இறுக்குவது தவறு. அப்படி இறுக்கியது பிடிக்காது. கடைசியாக வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தின் மேல் கையால் கீழ்நோக்கி ஓங்கித் தட்டுங்கள். அசையக்கூடாது. லீவர் தளர்ந்தாலும் சக்கரம் விழாமல் பிடிக்கும் சிறு தடுப்பு ஃபோர்க் நுனியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டன் அமுக்கிக் கழற்றும் வகை என்றால், மாட்டியதும் ‘க்ளிக்’ சத்தம் கேட்டபின் பட்டனைத் தொடாமல் சக்கரத்தை இழுத்துப் பாருங்கள். அடிக்கடி கழற்றவேண்டியிராதவர்களுக்கு, ஸ்பானர் போட்டு இறுக்கும் அச்சு உள்ள வண்டிதான் நிம்மதி.

திரும்பும் சக்கரத்துக்கு ஒரு வியாதி உண்டு. கொஞ்சம் வேகமெடுத்ததும் படபடவென்று இடமும் வலமும் அடிக்கத் தொடங்கும். டயரில் காற்று குறைவு, ஃபோர்க்கின் செங்குத்துத் திருகு தளர்வு, முன்பக்கம் எடையே இல்லாமல் லேசாக இருப்பது, இந்த மூன்றும் முக்கியக் காரணங்கள். சக்கரத்தை நேராகப் பூட்டியதும் நின்றுவிட்டால் பயப்பட வேண்டியதில்லை. வேகமான நடைக்கும் சரிவுக்கும் பூட்டிக்கொண்டே போங்கள். பூட்டியும் ஆடினால் அச்சோ பியரிங்கோ தளர்ந்திருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் குழந்தையை உட்காரவைக்காதீர்கள். பூட்டிய நிலையில் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்தால், முன் அச்சுக்கு அருகே நேர்ப்படுத்தும் திருகு இருக்கிறதா பாருங்கள். சமதளத்தில் பத்து மீட்டர் தூரம் காலி வண்டியைத் தள்ளிவிட்டு, எந்தப் பக்கம் போகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துங்கள்.

காற்று டயர் என்றால் பஞ்சர் வரும் என்பது உண்மை. ஆனாலும் அது தரும் சொகுசை ஸ்பிரிங் தராது. 12 அங்குல டயரின் பக்கவாட்டில் பெரும்பாலும் 12½ × 2¼ என்றும் 62-203 என்றும் அச்சிட்டிருக்கும். டியூப் வாங்கும்போது இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். வளைந்த வால்வு உள்ள டியூபாகக் கேளுங்கள். சிறிய சக்கரத்தில் நேர் வால்வு இருந்தால் பம்பின் தலை உள்ளே நுழையாமல் தவிக்கவேண்டும். அழுத்தத்துக்கு டயரிலும் ரிம்மிலும் தனித்தனி வரம்பு எழுதியிருந்தால் குறைந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் உச்சவரம்பே 30 பிஎஸ்ஐதான் (பம்பின் அளவுகாட்டியில் இருக்கும் காற்றழுத்த அலகு). பெட்ரோல் நிலையக் கம்ப்ரசரில் அடிக்கவே கூடாது. இவ்வளவு சிறிய டயர் ஓரிரு நொடியில் நிரம்பி வெடித்துவிடும், பிளாஸ்டிக் ரிம்மும் பிளக்கலாம். அளவுகாட்டி உள்ள கைப்பம்ப் போதும். காற்று குறைவாக ஓட்டினால் விளிம்பில் ஏறும்போது டியூப் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நசுங்கி, அருகருகே இரண்டு துளைகள் விழும். அந்த ஜோடித் துளையைக் கண்டால் முள்ளைத் தேடாதீர்கள், காற்றைக் கூட்டுங்கள். ஒற்றைத் துளை என்றால் டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முள் இருந்தால் துணி மாட்டிக்கொள்ளும், விரலும் தப்பும். டயரைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பிளாஸ்டிக் நெம்புகோல் போதும். புது டியூபில் லேசாகக் காற்றடித்து வடிவம் வந்தபின் உள்ளே வைத்தால் முறுக்கிக்கொள்ளாது.

நிறுத்தும் பிரேக் இரண்டு பின் சக்கரங்களையும் ஒரே மிதியில் பிடிக்கவேண்டும். இரு பக்கமும் உள்ளே ஒரு பூட்டுமுனை சக்கரத்தின் பள்ளத்தில் போய் விழும். சில நேரம் ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் பள்ளத்தின் விளிம்பில் முட்டிக்கொண்டு நிற்கும். மிதித்தபின் வண்டியை முன்னும் பின்னும் ஒரு அங்குலம் அசைத்தால் இரண்டும் விழும். இதை ஒவ்வொரு முறையும் செய்யுங்கள். ஓடுகிறவர்களுக்குக் கைப்பிரேக்கும், வண்டியை உங்கள் கையோடு இணைக்கும் மணிக்கட்டுப் பட்டையும் கட்டாயம். இரண்டும் இல்லாத வண்டியை ‘ஜாகர்’ என்ற பெயரில் விற்றாலும் ஓட எடுக்காதீர்கள்.

குழந்தையின் வயதுக்கு வந்தால், கழுத்து நன்றாக நிற்கும் முன் ஓட்டம் கூடாது. குறைந்தது ஆறு மாதம், சில தயாரிப்பாளர்கள் எட்டு மாதம் என்கிறார்கள். குழந்தை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நடைக்கும்கூடத் தட்டையான தொட்டிலோ, முழுதாகச் சாயும் இருக்கையோ வேண்டும். ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1888 இதற்கு இருக்கைக்கும் முதுகுப்பக்கத்துக்கும் நடுவே குறைந்தது 150 டிகிரி கோணத்தை எல்லையாக வைக்கிறது. ஓட்டத்துக்கான வண்டிகள் பலவற்றில் இருக்கை இவ்வளவு சாயாது. பெல்ட் ஐந்து முனைகளிலும் பிடிக்கவேண்டும், தோள்பட்டைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு விரல் மட்டும் நுழையவேண்டும். வெயிலுக்குத் துணி போட்டு முழுதாக மூடாதீர்கள். உள்ளே சூடு வேகமாக ஏறும்.

கடையில் சோதிக்கும்போது காலி வண்டியைத் தள்ளிப் பார்த்து ஏமாறாதீர்கள். 10 கிலோ எடையுள்ள மூட்டையைப் பெல்ட் போட்டு உட்காரவையுங்கள். உங்கள் முழு எட்டு வைத்து வேகமாக நடங்கள். பின் அச்சின் குறுக்குக் கம்பியில் கால் இடித்தால், அது வீட்டுக்கு வந்தும் இடிக்கும். உயரமானவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கும் உயரத்துக்குக் கைப்பிடி வருகிறதா, ஒற்றைக் கையால் ‘8’ வடிவில் வளைத்துத் தள்ள முடிகிறதா, ஒரு கையில் குழந்தை இருக்கையில் மறுகையால் மடக்க முடிகிறதா என்று பாருங்கள். மடக்கியபின் பூட்டு தானாக விழவேண்டும். மடிப்பு மூட்டுகளில் விரல் சிக்கும் இடைவெளி இருந்தால், மடக்கும்போதும் விரிக்கும்போதும் குழந்தை கை எட்டாத தூரத்தில் இருக்கட்டும். மடக்கினாலும் 12 அங்குலச் சக்கரங்கள் இடத்தை அடைக்கும். கார் டிக்கியில் சக்கரத்தோடு நுழைகிறதா, கழற்றித்தான் நுழைக்கவேண்டுமா என்பது வாங்கிய நாளிலேயே தெரிந்திருக்கவேண்டும். தினமும் கழற்றி மாட்டுவது என்றால், லீவர் விஷயத்தில் மேலே சொன்னது எல்லாம் தினமும் செய்யவேண்டிய வேலை.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. நல்ல சட்டம் பல ஆண்டு உழைக்கும். சட்டத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் எண்ணும் தயாரித்த தேதியும் இருக்கும். அந்த மாடல் எப்போதாவது திரும்பப் பெறப்பட்டதா என்று தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் நுண்விரிசல்கள் இருந்தால் டயரை மாற்றவேண்டும், அது பெரிய செலவில்லை. பெல்ட்டின் தையல் பிரிந்திருந்தாலோ, பக்கிள் இழுத்தால் கழன்றாலோ, அந்தப் பாகம் தனியாகக் கிடைக்குமா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டபிறகே பணம் கொடுங்கள். பியரிங்கைச் சோதிக்கச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு, மறுகையைச் சட்டத்தில் வைத்திருங்கள். மணல் அரைபடுவதுபோல் விரலுக்குத் தெரிந்தால் அந்தச் சக்கரம் கடற்கரையைப் பார்த்திருக்கிறது என்று பொருள்.