சுங்கை சிப்புட் புடவைக் கடையும் நாலு வருட எஸ்.எம்.எஸ். ஒப்பந்தமும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் அம்மா தொடங்கிய புடவைக் கடையையும் தையலையும் இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்கள். புலனம் (வாட்ஸ்அப்) இருக்கும்போது எஸ்.எம்.எஸ். எதற்கு என்று கேட்பவர்கள், செம்பனைத் (பாமாயில் பனை) தோட்டத்துக்கு நடுவே நின்று டேட்டா பிடித்துப் பார்க்கட்டும். பட்டன் போன் பாட்டிக்கும் போய்ச் சேருவது இதுதான்.

எஸ்.எம்.எஸ்.ஸை மொத்தமாக அனுப்பித்தரும் நிறுவனம் ஒன்றில் 10,000 கிரெடிட் வாங்கினேன், 800 வெள்ளி (ரிங்கிட்). ஒரு செய்திக்கு ஒரு கிரெடிட் என்று நினைத்தேன். என்னிடம் 1,800 எண்கள். அஞ்சு தடவை அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன். தீபாவளிக்கு ஒரு தடவை அனுப்பியதும் 5,400 காலி. பொங்கல் செய்தி 1,533 பேரோடு நின்றுவிட்டது.

நிறுவனத்துக்குப் போன் அடித்தேன். “ஒப்பந்தத்துல நாலாவது பக்கம் பாருங்க அக்கா. தமிழ்னா யுனிகோட்” என்றார் அந்தப் பையன்.

பார்த்தேன். யுனிகோட் என்பது எல்லா மொழி எழுத்துக்கும் இடம் தரும் கணினிக் குறியீடு. ஆங்கிலமோ மலாயோ என்றால் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து. தமிழுக்கு 70தான். அதைத் தாண்டினால் 67, 67-ஆக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கிரெடிட். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாம். ‘தீபாவளி நல்வாழ்த்துகள்’ நம் கண்ணுக்கு 12 எழுத்து. இடைவெளியோடு சேர்த்து மெஷினுக்கு 22. பெறுபவருக்குக் காசில்லை என்று காட்ட முன்னால் ஒட்டும் ‘ஆர்எம்0’ (RM0) கூட நம் கணக்கில்தான். என் வாசகம் 184. மூன்று துண்டு.

அதைவிட வலித்தது ‘அனுப்பியது’ என்ற சொல்லுக்கு அவர்கள் கொடுத்திருந்த அர்த்தம். போய்ச் சேர்ந்தால் அல்ல, அவர்கள் சர்வரை விட்டுக் கிளம்பினாலே கிரெடிட் போய்விடும். தோட்டத்தில் பிரிபெய்ட் எண் எத்தனை நாளைக்கு நிற்கும்? பிள்ளைகள் ஈப்போவுக்கோ சிங்கப்பூருக்கோ போகும்போது அம்மாவையும் கூட்டிப்போகிறார்கள், பழைய எண் செத்துவிடுகிறது. யாருக்குப் போய்ச் சேரவில்லை என்று காட்டும் அறிக்கையை வைத்து ஒருநாள் முழுக்க உட்கார்ந்து 300-க்கு மேல் அழித்தேன். அத்தனைக்கும் தீபாவளிக்கு மும்மூன்று கிரெடிட் கட்டியிருக்கிறேன்.

2024 செப்டம்பர் 1 முதல் நிறுவனங்கள் எஸ்.எம்.எஸ்.ஸில் இணையதள இணைப்பு (லிங்க்) வைக்கக்கூடாது என்று தொலைத்தொடர்பு பல்லூடக ஆணையம் தடுத்தது. மோசடிக்காரர்களுக்காக வந்த விதி, சரிதான். நான் மறந்துபோய்ப் பழைய வாசகத்தை இணைப்போடு அனுப்ப, எல்லாம் தடுக்கப்பட்டது. கிரெடிட் திரும்பவில்லை, உள்ளடக்கம் வாடிக்கையாளர் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கிறது.

எண் கொடுத்தவரின் சம்மதமும் நம் பொறுப்புதான். ரவிக்கை தைத்தாச்சு என்று சொல்லக் கொடுத்த எண்ணுக்கு விளம்பரம் அனுப்பக்கூடாது. வேண்டாம் என்று அவர் எழுதிக் கேட்டும், பிறகு தரவுப் பாதுகாப்பு ஆணையர் உத்தரவிட்டும் நிறுத்தாவிட்டால், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இன்படி 2,00,000 வெள்ளி வரை அபராதம் போகலாம். இப்போது அளவு நோட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, ‘விளம்பரம் சரி’ என்று கையெழுத்து வாங்குகிறேன்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கு எதிராக ஒரு பகுதியே இருக்கிறது. அது வீட்டுக்கு வாங்குகிறவருக்கு. கடைக்கு வாங்கும் எனக்கு அல்ல. 12 மாதத்தில் கிரெடிட் காலாவதி, 30 நாள் முன்னால் சொல்லாவிட்டால் தானாகப் புதுப்பிப்பு என்பதையெல்லாம் கையெழுத்துக்கு முன்னால் பேசித்தான் மாற்ற வேண்டும். மூன்றாம் வருடம் பேசினேன். புதுப்பிப்பை எடுத்துவிட்டார்கள், காலாவதியை 24 மாதமாக்கினார்கள். ‘சேர்ந்தால் மட்டும் காசு’ என்பதற்கு மட்டும் மசியவில்லை.

எஸ்.எம்.எஸ்.ஸை விட்டுவிடவில்லை. ‘ரவிக்கை ரெடி’ செய்தி போன அன்றைக்கே சாயங்காலம் ஆள் வந்துவிடுகிறது. அதை ரோமன் எழுத்தில் அனுப்புகிறேன், ஒரே கிரெடிட். தீபாவளியை அப்படி எழுத மனசு வரவில்லை. போன வருடம் இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணி எழுதியது: ‘தீபாவளி நல்வாழ்த்துகள். புடவை வந்தாச்சு, வாங்க.’ பின்னால் கடைப் பெயர், முன்னால் அந்த ஆர்எம்0. மொத்தம் 69.