டொக்டர் நல்லவர், நம்பர்தான் நகராது

திருகோணமலையில் 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பே, அக்கரை ஆட்கள் பாதையில், அதுதான் ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையில், ஏறி வந்து நம்பர் எடுத்த டிஸ்பென்சரி இது. சாம்பல்தீவிலிருந்து அம்மாவை நானும் அந்தக் காலத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்குச் சீனி, பிறசர் இரண்டும் உண்டு. டொக்டர் குனிந்து அவவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்துவார். பள்ளம் விழுகிறதா என்று பார்த்த பிறகுதான் பேச்சு. இதற்காகவே மூன்று மணித்தியாலம் காத்திருக்கலாம்.

மருந்து கட்டுகிற பிள்ளையையும் சொல்ல வேண்டும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்கு உறையில் சூரியனும் பிறையும் கீறித் தருவா. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியும், ஆனாலும் சூரியன் போட்ட உறைதான் வேண்டும் என்பா.

இப்போது டொக்டர் மாகாண சபைக்கு நிற்கப் போகிறாராம். வாங்கில் பாதி இடம் நோயாளிகளுக்கு, மீதி வெள்ளைச் சேட்டுக்காரருக்கு. அவர்களுக்கு நம்பர் கிடையாது, நேரே உள்ளே போவார்கள். போன மாதம் எங்களுடையது 14ஆம் நம்பர். நாலரைக்குப் போனோம், உள்ளே கூப்பிட எட்டேகால்.

பிறசர் பட்டியைக் காற்றடித்து இறுக்கிய நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தார். யாரை எந்த ஊருக்குப் போடுவது என்று வாக்குவாதம். அம்மாவின் விரல்கள் நீலம் பாரிக்க, நான்தான் "டொக்டர், கை" என்றேன். பதறிப்போய்க் காற்றை விட்டார். மன்னிப்பும் கேட்டார். "உடனே பார்த்தால் அளவு சரியா வராது, கொஞ்சம் கையை ஆற விடுங்கோ அம்மா" என்றார்.

கை ஆறும் இடைவெளியில் எங்களுக்கு அரசியல் வகுப்பு. கிழக்கு மாகாண சபைக்கு 37 ஆசனம், அதில் நம்முடைய மாவட்டத்துக்குப் பத்து. கடைசித் தேர்தல் 2012இல். 2017இல் காலம் முடிந்தது, அதே வருடம் தேர்தல் முறையையும் மாற்றினார்கள். புது எல்லை வகுத்த அறிக்கை 2018இல் பாராளுமன்றத்தில் தோற்றது. காலம் முடிந்ததிலிருந்து ஆளுநர் ஆட்சிதான். கிராமத்து ஆஸ்பத்திரிகள் மாகாணத்தின் கையில் இருக்கிறபடியால் அங்கே ஒரு டொக்டர் இருக்க வேண்டும் என்பது அவருடைய கதை. நியாயமான கதைதான்.

"அப்ப எலக்சன் எப்ப தம்பி?" என்றா அம்மா.

"திகதி போடேல்லை அம்மா."

போடாத திகதிக்கே இந்தக் கூட்டமா என்று நினைத்துக்கொண்டேன். திரும்பப் பார்த்ததில் 150க்கு 90. மாத்திரையை மாற்றி எழுதினார். காலை அழுத்திப் பார்க்க மறந்துவிட்டார். கதவு வரை போன அம்மா திரும்பி வந்து, சேலைக் கரையைத் தூக்கிக் காலை நீட்டிக்கொண்டு நின்றா. சிரித்துக்கொண்டே குனிந்தார்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். பார்க்கிற காசு இன்னும் கூட்டவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் போகாதீர்கள், அன்றைக்குத்தான் கூட்டம் வைக்கிறார்கள். செவ்வாய் காலையில் வாங்கு வெறுமையாக இருக்கும்.