ரிவியூவர் வேலைக்கு ஒரு ரிவியூ

ஆய்வுச் சஞ்சிகைகளுக்கு வரும் கட்டுரைகளை வெளியிடுமுன் வாசித்துக் குறைநிறை சொல்வதுதான் ரிவியூவர் வேலை. சம்பளம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் வீட்டில் முதலில் வந்த கேள்வியும் அதுதான்.

"சல்லி தாறாங்களா மகள்?" உம்மா கேட்டா.

"இல்ல உம்மா."

"அப்ப என்னத்துக்கு ராவையில கண்ணு முழிச்சிட்டு இரிக்காய்?"

நான் கிழக்கிலங்கையின் சம்மாந்துறைக்காரி, சிவில் பொறியியலாளர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புச் செய்தபோது உமிச்சாம்பல் கலந்த கொங்கிரீட் பற்றி எழுதிய கட்டுரை வெளிவந்தது. அதில் என் ஈமெயில் முகவரி இருந்தது. அதற்குப் பிறகு சஞ்சிகைகளிலிருந்து "இந்தக் கட்டுரையை மதிப்பாய்வு செய்து தருவீர்களா" என்று கடிதங்கள் வரத் தொடங்கின. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு மேற்படிப்பில் இருக்கும் தம்பி தங்கைகள் சிலர் இதை ஏற்கலாமா என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகவே எழுதுகிறேன்.

வேலை இதுதான். கட்டுரையின் தலைப்பும் சுருக்கமும் முதலில் வரும். ஒப்புக்கொண்டால் முழுக் கட்டுரையும் திறக்கும். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் தருவார்கள். எழுதியவருக்கு ஒரு பெட்டி, சஞ்சிகையின் ஆசிரியர் மட்டும் பார்க்க இன்னொரு பெட்டி, கடைசியில் ஏற்கலாம், சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு என்று நான்கில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். முடிவு நம் கையில் இல்லை, ஆசிரியர் கையில். நான் பார்க்கும் சஞ்சிகையில் எழுதியவர் பெயர் எனக்குத் தெரியும், என் பெயர் அவருக்குத் தெரியாது. இரு பக்கமும் பெயரை மறைக்கும் சஞ்சிகைகளும் உண்டு, அது இன்னும் நல்லது.

வந்த கட்டுரைகளில் என்ன இருந்தது என்று இங்கே சொல்ல மாட்டேன். அது இரகசியம். ஆனால் உமிச்சாம்பல் கட்டுரை எது வந்தாலும் நான் கேட்கும் கேள்வியைச் சொல்லலாம்: சாம்பலை எங்கே எடுத்தீர்கள், எப்படி எரித்தீர்கள்?

எங்கள் ஊரில் மில்லுக்குப் பஞ்சமில்லை. நெல் அவிக்கிற கொதிகலனுக்கு உமியைத்தான் போட்டு எரிப்பார்கள். 100 கிலோ நெல்லைக் குத்தினால் ஏறக்குறைய 20 கிலோ உமி, அதை எரித்தால் 4 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 வீதம் வரை சிலிக்கா இருக்கும். ஏறக்குறைய 700 பாகை செல்சியசுக்கு மேலே போகாமல் எரித்தால் அந்தச் சிலிக்கா பளிங்குருவாக மாறாது, சீமெந்தோடு சேர்ந்து வேலை செய்யும். அதற்கு மேல் சூடு ஏற ஏறப் பளிங்காகி, வெறும் நிரப்பி ஆகிவிடும். மில்லின் பின்னால் குவிந்து கிடப்பதோ அனேகமாகக் கறுப்புச் சாம்பல். எரியாத கரி உள்ளே இருக்கிறது. கொங்கிரீட்டில் போட்டால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கலவை இறுகும், மேசன் வாளியைச் சரித்து இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடுவார், வலிமை அங்கேயே போய்விடும்.

இந்த வகைக் கட்டுரைகளில் அடிக்கடி காண்பது "உள்ளூர் ஆலையில் பெறப்பட்ட சாம்பல்" என்ற ஒரே ஒரு வரி. எரிவெப்பநிலை இராது, எவ்வளவு நேரம் அரைத்தார்கள் என்பதும் இராது. எரிபற்று இழப்பு, அதாவது சாம்பலைத் திரும்பவும் சுட்டால் எவ்வளவு எடை குறைகிறது என்ற எண்கூடச் சில வேளை இராது. அமெரிக்க நியமமான ஏஎஸ்டிஎம் சி618 இயற்கைப் பொசொலானாவுக்கு (சீமெந்தோடு சேர்ந்து வேலை செய்யும் சிலிக்காப் பொருள்) அதை 10 வீதத்துக்குள் வைக்கச் சொல்கிறது. 28 நாள் அமுக்க வலிமைக்கு மட்டும் வண்ண வண்ண வரைபு. ஒவ்வொரு கலவைக்கும் எத்தனை கொங்கிரீட் கியூப்களைச் சோதனைக்கு உடைத்தார்கள், நியம விலகல் என்ன என்று கேட்டால்தான் அந்த வரைபின் நிறம் வெளுக்கும். மில்லூரில் வளர்ந்ததால் வந்த கேள்விகள் இவை. ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்கு இது தோன்றாமல் போகலாம், அதனால்தான் நம்மைப் போன்றவர்களையும் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனிக் கூலிக்கு வருவோம். தீர்மானம் போனதும் ஆசிரியரின் கடிதத்தின் பிரதி எனக்கும் வரும். அதில் மற்ற ரிவியூவர்கள் எழுதியதும் இருக்கும். நான் சாம்பலைப் பிடித்துக்கொண்டு நிற்க, இன்னொருவர் குளோரைட்டு ஊடுருவல் சோதனை (கடல் உப்பு கொங்கிரீட்டுக்குள் எவ்வளவு புகுகிறது என்று பார்ப்பது) எங்கே என்று கேட்டிருப்பார். கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் கடலோரம் கட்டும் நாங்கள்தான் அதை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். பிறகு திருத்திய கட்டுரையோடு, ஒவ்வொரு கேள்விக்கும் எழுதியவர் தந்த பதிலும் வரும். கட்டுரை எழுதுவது எப்படி என்று எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு சொல்லித்தரவில்லை. இந்த ஒன்றுக்காகவே ஐந்துக்கு நாலரை கொடுப்பேன்.

நேரம் கேட்டால் தருகிறார்களா? தந்தார்கள். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நேரம், நிலைமையை எழுதிக் கேட்டேன். மறுநாளே தவணை நீண்டிருந்தது, கூடவே நலம் விசாரித்து இரண்டு வரி.

வேறு சின்னச் சின்ன வரவுகளும் உண்டு. எல்செவியர் பதிப்பகத்தின் சஞ்சிகைகளுக்கு ரிவியூ செய்ய ஒப்புக்கொண்டால் அவர்களின் கட்டுரைத் தளமான சயன்ஸ்டிரெக்ட், ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையான ஸ்கோபஸ் இரண்டையும் 30 நாள் இலவசமாகப் பார்க்கலாம். பல்கலைக்கழக நூலகம் கைக்கெட்டாத நமக்கு அது பெரிய விசயம். செய்த ரிவியூக்களைப் பதிந்து வைக்க முன்பு பப்ளோன்ஸ் என்ற இணையத்தளம் இருந்தது, 2022இல் அது வெப் ஒஃப் சயன்ஸ் என்ற இன்னொரு கட்டுரை அட்டவணையோடு சேர்ந்துவிட்டது. சான்றிதழ் பதவி உயர்வுக்கு உதவுமா என்றால், சுயவிபரக் கோவையில் ஒரு வரி. அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு சஞ்சிகையும் பார்த்தேன், பெயர் வேண்டாம். ஐந்துக்கு ஒன்றுகூட அதிகம். ஒரு வாரத் தவணை, மூன்றாம் நாளே நினைவூட்டல், பிறகு நாளுக்கொரு நினைவூட்டல். நிராகரிக்கும்படி காரணத்தோடு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஒரு மறுமொழியும் இல்லை. பிறகு அதே கட்டுரை அதே பிழைகளோடு வெளிவந்திருந்தது. நம் பெயரை "ரிவியூ நடந்தது" என்று காட்டத்தான் வாங்குகிறார்கள் போலும். விலகிவிட்டேன். "மதிப்புக்குரிய பேராசிரியரே" என்று தொடங்கி மகப்பேற்று மருத்துவக் கட்டுரையை எனக்கு அனுப்பும் ஆட்களைப் பற்றி எழுதத் தேவையில்லை, அழித்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

ஒப்புக்கொள்ள முதல் நான் பார்ப்பது: அந்தச் சஞ்சிகை ஸ்கோபஸில் உண்டா, பதிப்பு நெறிமுறைகளைக் கவனிக்கும் கோப் அமைப்பில் உறுப்பினரா, அதன் பழைய இதழ்களில் நான் உண்மையிலேயே வாசித்துப் பயன்பட்ட கட்டுரை ஒன்றாவது இருக்கிறதா. மூன்றாவதுதான் முக்கியம். நம் நாட்டில் என்றால் இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தின் 'எஞ்சினியர்' காலாண்டிதழைப் புரட்டிப் பாருங்கள், இலங்கைச் சஞ்சிகைகள் இணையத்தளத்தில் இலவசமாகவே கிடக்கிறது. நல்ல சஞ்சிகை ஆசிரியருக்கு உங்கள் துறையையும் எழுதிய கட்டுரையையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் போட்டாலே போதும். ரிவியூவர் பஞ்சம் எங்கும்தான்.

இன்னொன்று. கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஏற்றி "பிழை பிடித்துத் தா" என்று கேட்காதீர்கள். பெரிய பதிப்பகங்கள் பலதும் தடுத்திருக்கின்றன. அடுத்தவர் இன்னும் வெளியிடாத உழைப்பு அது.

நேற்றும் ஓர் அழைப்பு வந்தது, தென்னந்தும்பு கலந்த கொங்கிரீட். தும்பு என் துறை இல்லை. மறுத்துவிட்டு, வேறு யாரைக் கேட்கலாம் என்ற பெட்டியில் அதைத் தெரிந்த மட்டக்களப்பு நண்பர் ஒருவரின் பெயரைப் போட்டிருக்கிறேன். அவரும் சம்பளம் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்பார்.